நாற்பது குறளிகள்

பெஞ்சுக்கு அடியில் ஓடிய ஐஸ் தண்ணீரைத் துணியால் ஒற்றி மூன்றாவது வாளியில் இன்பமணி பிழிந்துகொண்டிருந்தபோதுதான் உள்ளறையில் ஜீவமணி அத்தை அலறினாள். அது செத்த வீட்டு அலறல் அல்ல. விடியற்காலை ஐந்து மணிக்குத் தன் அண்ணன் இறந்ததிலிருந்து அத்தை எப்படி எப்படி அழுவாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டிருந்தது. இது பல்லி மேலே விழுந்தால் போடுகிற சத்தம்.

வாளியை வைத்துவிட்டு எழுந்தாள். கையெல்லாம் மீன் கவிச்சி. மீன்பிடித் துறையிலிருந்து வந்த ஐஸ் பாளங்களை மரத்தூள் போட்டு அப்பா கிடந்த பெஞ்சுக்கு அடியில் அடுக்கியிருந்தார்கள். ஒரு பாளத்துக்குள் சாளைச் செதிள்கள் அப்படியே உறைந்து தெரிந்தன. மே மாத வெக்கையில் அது உருக உருக, வெளுத்த வேட்டியும் கோயிலுக்குப் போடும் சட்டையுமாகப் படுத்திருந்த அப்பா தேவபிரசாதத்தைச் சுற்றி மீன் கடை நாறியது. வந்தவர்கள் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டே, "நல்ல சாவு, பாக்கியவான்" என்றார்கள். நாசரேத்திலிருந்து ஒன்பது மணிக்கு வந்து இறங்கியதிலிருந்து இன்பமணிக்குக் குமட்டிக்கொண்டேதான் இருந்தது.

உள்ளறையில் அப்பாவின் தகரப் பெட்டி திறந்து கிடந்தது. சபைச் சந்தா ரசீதைக் காட்டினால்தான் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டச் சொல்வார்கள். அதைத் தேடித்தான் அண்ணன் பொன்னுதுரை பெட்டியைத் திறந்திருந்தான். ரசீதுக் கட்டுக்குக் கீழே வேறு சாமான்கள் இருந்தன. கப்பலில் சரக்கு எண்ணி எழுதுகிற நீள நோட்டு ஒன்று. சுருட்டிய அட்டை ஒன்று. ஒரு பிஸ்கட் டின் நிறையப் புளியங்கொட்டை. ஒவ்வொரு கொட்டையிலும் சிவப்பு மையால் இரண்டு கண் வரைந்திருந்தது.

"ஏளா இன்பம், எங்கண்ணன் என்ன காரியம் பண்ணி வச்சிருக்காவன்னு பாரு. ஏலே பொன்னுதொர, வாசிலே. அவளும் கேக்கட்டும்."

பொன்னுதுரை கோயிலில் பாடம் வாசிக்கும் குரலில் வாசித்தான். "'புதுக்கோட்டைக்கு மேற்கே ஆலமரத்தடியில் ஒரு முனி கிடைத்தான். ஒரு சேவலும் இரண்டு குப்பி சாராயமும் கொடுத்துச் சேர்த்துக்கொண்டேன். இனி நான் சொல்கிற இடத்துக்குப் போவான். தருவைகுளம் கரையில் காட்டேரி பன்னிரண்டு. சினையாடு கேட்டார்கள். கொடுத்தேன். ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலில் குறளி நாற்பது. குட்டிப் பிசாசுகள்தான், ஆளுக்கு ஒரு கை பொரி போதும். ஆனால் சும்மா உட்கார வைத்தால் சேர்த்தவனையே கடிக்கும்.'"

அத்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்கு இடையில் மிச்சத்தையும் கேட்டாள்.

"அது வெளையாட்டு அத்தை" என்றாள் இன்பமணி.

"வெளையாட்டுல எவன்ளா சினையாட்ட அறுப்பான்?"

"யாரும் அறுக்கல. எழுதுறதுதான்."

"எழுதுனாலே அறுத்த மாதிரிதான். உப்பளத்துக் காவக்காரன் அய்யாக்குட்டிகிட்டப் போயிப் போயிப் பேசுவாவ. என்னத்தப் பேசுதியன்னு கேட்டா சிரிப்பாவ. இப்பல்லா தெரியுது."

இன்பமணிக்கு அது விளையாட்டு என்று நன்றாகத் தெரியும். நான்கு வருஷத்துக்கு முன் புதுத் துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்காரக் கப்பல் இயந்திரம் பழுதாகிப் பத்தொன்பது நாள் நின்றது. சரக்கு எண்ணப் போன அப்பாவும் கப்பலின் வயர்லெஸ் ஆபீசரும் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆபீசரிடம் ஒரு பெட்டி இருந்தது. பெரிய வரைபடம், பகடை, ஈய பொம்மைகள். குள்ளர்கள், கூர்க்காது மனிதர்கள், நெருப்புக் கக்கும் பல்லிகள். ஒவ்வொரு கூட்டத்தையும் அதற்குப் பிடித்ததைக் கொடுத்துத் தன் படையில் சேர்க்க வேண்டும், பிறகு எதிரியோடு சண்டை. கப்பல் போன பிறகு அப்பா அட்டையை ஒட்டி ஒட்டித் தூத்துக்குடிக் கடற்கரை முழுவதையும் வரைந்தார். "நெருப்புக் கக்குற பல்லிய இங்கன எங்க போயித் தேட? நம்மகிட்ட இல்லாத ஆளா?" என்று அய்யாக்குட்டியிடம் கேட்டுக் கேட்டு முனியையும் காட்டேரியையும் குறளியையும் எழுதிக்கொண்டார். யாருக்கு என்ன பிடிக்கும், யார் உப்புத் தண்ணீரைத் தாண்ட மாட்டார்கள், யார் வெள்ளிக்கிழமை வேலைக்கு வர மாட்டார்கள் என்று எல்லாம்.

அவளைக் கூப்பிடவும் செய்தார். போன வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது அட்டையைத் தரையில் விரித்து, "நீ குறளிய எடுத்துக்களா, ஒனக்கு முனியவும் சும்மாத் தாரேன்" என்றார். அவள், "அறுவது வயசுல புளியங்கொட்டைய வச்சு வெளையாடுதியளே, அசிங்கமா இல்ல?" என்று கேட்டாள். அவர் அட்டையைச் சுருட்டினார். இப்போது அதை நினைத்தபோது, அந்த வீட்டில் அருவருப்பாக இருந்தவற்றில் தானும் ஒன்று என்று அவளுக்குப் பட்டது.

"யாரோட வெளையாண்டாவ? அந்த ஆளக் கூப்பிடு, கேப்போம்" என்றான் பொன்னுதுரை.

அது அவளுக்குத் தெரியாது. முன்பு அப்பாவிடம் கேட்டதற்கு, "ஒருத்தர் வாராரு. பேரச் சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

கால் மணி நேரத்தில் தெரு முழுக்கப் பரவிவிட்டது. பெஞ்சைச் சுற்றி உட்கார்ந்து ஞானப்பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே பந்தலுக்குப் போனார்கள். இரண்டு தம்ளர் காப்பி வாங்கிக் குடித்த ஒருத்தி வாசலுக்குப் போய் விரலை விட்டு வாந்தியெடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்தவளிடம், "நாலு வருசமாவாம்" என்றாள். காலையில் அதே வாயால் தேவபிரசாதத்தைப் பரலோகத்தில் ஆபிரகாமின் மடியில் உட்கார வைத்தவள் அவள்தான். அப்பாவின் பக்கத்தில் ஈக்களும் இன்பமணியும் மட்டும் இருந்தார்கள். ஈக்களே தேவலை என்று நினைத்தாள்.

இரண்டு மணிக்குக் குருவானவரும் சபைச் செயலாளர் ஜெபசிங்கும் வந்தார்கள். குருவானவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கெட்டவர் இல்லை, பயந்தவர். ஜெபசிங்குக்கு அறுபதை ஒட்டிய வயது. சலவை ஜிப்பாவின் பையில் பேனா குத்தியிருந்தார். உள்ளே வந்ததிலிருந்து பெஞ்சின் பக்கமே அவர் திரும்பவில்லை.

குருவானவர் நோட்டைத் தொடவில்லை. பொன்னுதுரை பிடித்துக் காட்டிய ஒரு பக்கத்தை எட்ட நின்றே படித்தார். அதற்குமேல் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுப் பொன்னுதுரையிடம் சொன்னார்.

"கமிட்டியில நாலு பேரப் பாத்துப் பேசிட்டுத்தான் வாரோம். இப்பிடித் தெரிஞ்ச பொறவு கல்லறைத் தோட்டத்துக்குள்ள எடம் குடுத்தா சபை ஒத்துக்காது. மூத்த மகன் ஒரு கடிதம் எழுதிக் குடுக்கணும். எங்க தகப்பனார் அசுத்த ஆவிகளோட தொடர்பு வச்சிருந்தாரு, குடும்பத்துக்கு அது தெரியாது, மன்னிக்கணும்னு. வாற ஞாயித்துக்கெழம சபையில வாசிப்போம். இந்தச் சாமானயெல்லாம் எரிச்சிரணும். அப்படின்னா உங்க அம்மா பக்கத்துலயே வச்சிரலாம்."

"எழுதலன்னா?" என்றாள் இன்பமணி.

"மதிலுக்கு வெளிய எடம் இருக்கும்மா."

மதிலுக்கு வெளியே என்றால் கருவேலங்காடு. தூக்குப் போட்டவர்களையும் கிணற்றில் விழுந்தவர்களையும் புதைக்கிற இடம். அம்மா கிருபை இறந்தபோது அவள் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விடச் சொல்லிய அப்பா, பதினோரு வருஷமாக மாதம் ஒருமுறை போய் அந்த வெற்றுத் தரையில் முளைத்த நெருஞ்சியைப் பிடுங்கிவிட்டு வந்துகொண்டிருந்தார்.

"எழுதிருதேன் ஐயா. இதுல என்ன இருக்கு?" என்று பொன்னுதுரை பேனாவுக்குக் கை நீட்டினான்.

"என்ன இருக்கா? அப்பா பேய் வளத்தாருன்னு கையெழுத்துப் போடப் போறியா?"

"செத்தவருக்கு என்னளா பேரு? எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைக இருக்கு. நாலு மணிக்குள்ள எடுக்கலன்னா ஐஸு தாங்காது. ஒனக்கு மூக்கு இருக்கா இல்லியா?"

ஜெபசிங் தொண்டையைச் செருமினார். "ரசீத மட்டும் காட்டும்மா. சந்தா பாக்கி இல்லன்னு பாத்துக்கிடுதேன்" என்றார், சுவரைப் பார்த்து.

பொன்னுதுரை முக்காலியில் வைத்திருந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போய் ரசீதுக் கட்டை எடுத்தாள். கட்டை மடியில் போட்டுக்கொண்டு நோட்டைப் புரட்டினாள், விளையாட்டு என்று காட்ட ஏதாவது ஒரு பக்கம் கிடைக்காதா என்று. ஒவ்வொரு சண்டை முடிந்த இடத்திலும் கோடு போட்டு, யார் பக்கம் எத்தனை சேதம் என்று அப்பா எழுதியிருந்தார். அதற்குக் கீழே வேறொரு கை பச்சை மையில், 'சரிதான், ஒத்துக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. கடைசி எழுத்தின் வாலை இழுத்து, கீழே இரண்டு புள்ளி. நோட்டு முழுக்க அதே கையெழுத்து. மடியில் கிடந்த ரசீதுக் கட்டைப் பார்த்தாள். மேல் ரசீதிலும் அதே வால், அதே இரண்டு புள்ளி, அதே பச்சை மை. செயலாளர், ஜெபசிங்.

"அண்ணாச்சி, ரசீது கொல்லையில இருக்கு. வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள்.

கொல்லையில் எச்சில் தம்ளர்கள் குவிந்து கிடந்தன. அவள் நோட்டை விரித்துக் காட்டியதும் ஜெபசிங் முதலில் பார்த்தது கொல்லை வாசலைத்தான். யாரும் இல்லை என்று தெரிந்ததும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"தாயி, சத்தம் போடாத."

"நீங்கதானா?"

"ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சு ரெண்டு மணிக்குக் கொல்ல வழியா வருவேன். சபைக் காரியம்னு வீட்ல சொல்லிட்டு. நாலு வருசத்துல ஒரு ஞாயிறு தப்புனதில்ல. ஒங்கப்பாவ மாதிரி ஒரு மனுசன்…" துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். அந்த அழுகை நிஜமானது என்பது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கொடுத்தது.

"அப்ப உள்ள வந்து சொல்லுங்க. வெளையாட்டு, நானும் வெளையாண்டேன்னு. ஒரே ஒரு வாக்கியம்."

"வாற ஞாயிறு கோயில்ல எம் மகளுக்கு மொத கல்யாண ஓலை வாசிக்காவ. கல்யாணம் கூடி வந்திருக்கு. மாப்பிள்ள வீட்டுல எல்லாரும் ஜெபக் கூட்டத்து ஆளுங்க. இந்த நேரத்துல எம் பேரு வந்துச்சுன்னா…"

"அதே ஞாயித்துக்கெழமதான எங்கப்பா கடிதத்தயும் வாசிப்பிய? மொதல்ல எத வாசிப்பிய?"

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "கிருபையம்மா பக்கத்துலயே எடம் வாங்கித் தாரேன். அது எம் பொறுப்பு. கடிதம் ரெண்டு வரிதான், சபையில பாதிப் பேரு தூங்கிட்டு இருப்பான்" என்றார். பிறகு, எழுந்து போகப் போனவர் நின்றார். நோட்டையே பார்த்தார். கண்ணீர் இன்னும் கன்னத்தில் இருந்தது.

"தாயி, தப்பா நெனைக்காத. அந்தக் கடைசிப் பக்கத்த மட்டும் காட்டுவியா?"

"எதுக்கு?"

"எம் படை முயல்தீவுல கப்பல்ல நிக்கு. ரெண்டர மாசமா நிக்கு. கரையில எறங்கணும். ஒங்கப்பா அந்த நாப்பது குறளியையும் எங்கன ஒளிச்சு வச்சிருந்தாவன்னு தெரியல. ஒளிச்சு வச்சத அவரவர் நோட்டுல எழுதிக்கிடணும், மத்தவன் பாக்கப்படாது. அதான் சட்டம். இப்ப அவரு இல்லல்லா. எங்கன இருந்துச்சுன்னு தெரிஞ்சா போதும்."

இன்பமணி நோட்டைச் சட்டென்று மூடினாள். காலையிலிருந்து பார்த்த எதுவும், அந்த வாந்திகூட, அவளுக்கு இவ்வளவு அருவருப்பாக இல்லை. உள்ளே ஒருத்தர் நாறிக்கொண்டு கிடக்கிறார். அவருடைய பெயரைத் துடைத்துப் போட வந்த ஆள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, குறளி எங்கே என்று கேட்கிறார்.

"உள்ள போயி எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க. பொறவு காட்டுதேன்" என்றாள்.

ஜெபசிங் முகத்தைத் தண்ணீரால் கழுவினார். துண்டால் ஒற்றினார். ஜிப்பாவை நேராக இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். சொல்லத்தான் போகிறார் என்று அவள் நம்பினாள். பின்னாலேயே போனாள்.

உள்ளே பொன்னுதுரை முக்காலியில் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தான். குருவானவர் மெதுவாகச் சொல்லச் சொல்ல, "அசுத்தத்துக்குச் சின்ன சுவா பெரிய சூவா?" என்பதுபோல நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்து எழுதினான். அத்தை கதவோரம் நின்று தலையை ஆட்டினாள். ஜெபசிங் நாற்காலியில் உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். எதிர்ச் சுவரில் தொங்கிய வசன காலண்டரைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பொன்னுதுரை, 'இப்படிக்கு' என்று எழுதி, பேனாவை உதறினான்.

இன்பமணி இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு போய், நோட்டைப் பச்சை மைப் பக்கத்தில் விரித்துக் குருவானவரின் மடியில் வைத்தாள். அதன்மேல் சந்தா ரசீது ஒன்றை வைத்தாள்.

குருவானவர் பாம்பைத் தொட்டவர்போலக் கையை எடுத்தார். பிறகு பார்த்தார். ரசீதைப் பார்த்தார். ஒரு பக்கம் திருப்பினார், இன்னொரு பக்கம், இன்னொரு பக்கம். மெதுவாகத் தலையைத் தூக்கி ஜெபசிங்கைப் பார்த்தார். ஜெபசிங் காலண்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காதுமடல் மட்டும் சிவந்துவிட்டது.

குருவானவர் நோட்டை மூடினார்.

"நேரமாச்சு. மூணரைக்கு எடுத்துருவோம். கிருபையம்மா பக்கத்துலயே வெட்டச் சொல்லுங்க" என்றார் குருவானவர்.

"ஐயா, கையெழுத்து…" என்றான் பொன்னுதுரை.

"கடிதம் வேண்டாம்." அந்தக் காகிதத்தை வாங்கி நான்காக மடித்து அங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். பந்தலில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "நியாயம் விசாரிக்க நாம யாரு? கர்த்தர் இரக்கமுள்ளவர். எப்பேர்ப்பட்ட பாவியையும் மன்னிக்கிறவர்."

"ஐயாவுக்கு எம்புட்டுப் பெரிய மனசு" என்று அத்தை கைகூப்பினாள். வெளியே இருந்த பெண்களும் மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே வந்தார்கள். மன்னிக்கப்பட்ட பாவியைப் பார்க்க அவர்களுக்கு ஆசை.

"எங்கப்பா ஒரு தப்பும் பண்ணல" என்றாள் இன்பமணி.

குருவானவர் கண்ணை மூடிப் பாட்டைத் தொடங்கினார். பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அவள் இன்னொரு தடவை உரக்கச் சொன்னாள். பாட்டு அதைவிட உரக்க இருந்தது. இடம் கிடைத்துவிட்டது. அம்மாவுக்குப் பக்கத்தில், நெருஞ்சி பிடுங்கிய அதே இடம். ஆனால் அப்பா நிரபராதி என்று அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை, இனிச் சொல்லப்போவதும் இல்லை. செயலாளரின் பெயரைக் காப்பாற்றுவதற்காக அப்பாவுக்குப் பிச்சை போட்டிருக்கிறார்கள். அதை வாங்கிக் கொடுத்தது தானேதான் என்று நினைத்தபோது அவளுக்கு வாய் கசந்தது.

சவப்பெட்டியை மூடும்போது குருவானவர் நோட்டை அவளிடம் நீட்டி, "இத எரிச்சிரும்மா, எல்லாருக்கும் நல்லது" என்று காதோடு சொன்னார். அவள் அதை இடுப்பில் செருகி முந்தானையால் மூடிக்கொண்டாள்.

கல்லறைத் தோட்டத்தில் உப்பளத்துக் காற்று அடித்தது. புழுதி கண்ணில் விழுந்தது. குருவானவர் ஜெபத்தைத் தொடங்கியதும் எல்லோரும் தலையைக் கவிழ்த்துக் கண்ணை மூடினார்கள். இன்பமணி மட்டும் மூடவில்லை. நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

'மார்ச் 4. நாற்பது குறளியையும் பொரி கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டேன். முனியும் காட்டேரிகளும் புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கரை முழுக்கக் காலி. ஜெபசிங் நான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. மகள் கல்யாணக் கவலையில் முகம் வாடிக் கிடக்கிறான். இந்தத் தடவை அவன் ஜெயிக்கட்டும். இதை அவனிடம் சொல்லக் கூடாது.

மார்ச் 11. இறங்கவில்லை.

மார்ச் 18. இறங்கவில்லை.'

அப்படியே ஒவ்வொரு ஞாயிறாகப் பக்கத்தின் அடிவரை போயிருந்தது. கடைசி வரி மூன்று நாளைக்கு முந்தியது. 'மே 20. இன்றும் கப்பலிலேயே நிற்கிறான். பயப்படுகிறான், பாவம்.'

அவள் நோட்டை மூடவும் ஆமென் சொல்லவும் சரியாக இருந்தது. பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். பொன்னுதுரை மண் போட்டான். அத்தை போட்டாள். இன்பமணி போட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள். ஜெபசிங் எல்லோரும் போட்டு முடிக்கும்வரை காத்திருந்து, ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார். உதடு அசையாமல் கேட்டார்.

"பாத்தியா தாயி? எங்கன இருந்துச்சு?"

அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள்.

"எங்கனயும் இல்ல" என்றாள். "மார்ச் மாசமே எல்லாத்தையும் அனுப்பிட்டாவ. கரையில ஒருத்தருமே இல்ல அண்ணாச்சி. நீங்க எறங்கியிருந்தா ஜெயிச்சிருப்பீய."

கூட்டம் வாசலைப் பார்த்து நகர்ந்தது. சாத்தான்குளம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். குழி வெட்டியவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, செயலாளர் போட்டு முடிக்கட்டும் என்று மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

வாசலுக்குப் போன இன்பமணி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஜெபசிங் குழியோரத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தார். கையில் இருந்த மண்ணை அவர் போடவும் இல்லை, உதறவும் இல்லை.